இலையோரம் ஒதுக்கிய பட்டை

பங்குத் திருவிழாவிலோ திருமண வீட்டிலோ பந்தி முடிந்தபின் இலைகளைச் சற்று உற்று நோக்குவோமாயின், பெரும்பாலும் ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் ஒரு சிறு மரப்பட்டைத் துண்டு கிடப்பதைக் காணலாம். பிரியாணியின் மணத்தைப் புகழ்ந்துகொண்டே உண்டவர்கள், அந்த மணத்தைத் தந்த பொருள் பல்லில் அகப்பட்டவுடன் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுகின்றனர். குழந்தைகளோ அதைக் கண்டாலே முகம் சுளிக்கின்றனர். அஞ்சறைப் பெட்டியில் கிராம்புக்கும் ஏலத்துக்கும் அருகே கிடக்கும் அந்தப் பட்டைக்கு நாம் தரும் மதிப்பு அவ்வளவே.

சென்ற திங்கள் இப்பகுதியில் உப்பைப் பற்றிச் சிந்தித்தோம். இத்திங்கள் இந்தப் பட்டையை எடுத்துக்கொள்வோம். இது திருவிவிலியத்தின் முற்பகுதியிலும் உள்ளது; இறுதி நூலிலும் உள்ளது. இதன்பொருட்டு அரசுகள் போரிட்டன. கப்பல்கள் கடல் கடந்தன. ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்றனர். இவ்வரலாற்றில் நம் திருச்சபையின் ஒளியும் உண்டு. நம்மவர் என்று நாம் கருதுவோரின் நிழலும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் பார்ப்பதே நமக்கு நன்மை பயக்கும்.

பெயரும் பொருளும்

கடையில் நாம் 'பட்டை' என்றே கேட்கிறோம். நூல்களில் கருவாப்பட்டை என்றும் இலவங்கப்பட்டை என்றும் எழுதுவர். இலங்கைத் தமிழர் இதைக் கறுவா என்பர். உண்மையான கருவா மரத்தின் தாயகம் இலங்கைத் தீவு. இதற்கு நெருங்கிய உறவான வேறு சில மரங்கள் சீனத்திலும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் வளர்கின்றன. அவற்றின் பட்டையைக் காசியா என்பர். நம் கடைகளில் இன்று மிகுதியாக விற்பது இக்காசியாவே.

இரண்டையும் பிரித்தறிவது இல்லத்தரசியர்க்கு எளிது. உண்மையான கருவாப்பட்டை காகிதம் போன்ற மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு, சுருட்டைப் போன்று இருக்கும், வெளிர் பழுப்பு நிறமுடையது, விரலால் நொறுக்கலாம், மணம் மென்மையானது. காசியாவோ தடித்த ஒரே பட்டை, கடினமானது, கருமை கலந்த நிறமுடையது, காரமும் மணமும் மிகுந்தது. காசியாவில் கூமரின் என்னும் பொருள் கூடுதலாக உள்ளது. சமையலில் சேர்க்கும் சிறு அளவால் தீங்கில்லை. ஆயின் மருந்தென எண்ணி நாள்தோறும் பொடியாக்கி மிகுதியாக உண்பது கல்லீரலுக்கு ஏற்றதன்று.

பாலைநிலத்தில் ஒரு தைலம்

விடுதலைப் பயண நூலின் 30-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் மோசேக்குத் திருப்பொழிவுத் தைலம் செய்யும் முறையைக் கற்பிக்கிறார். வெள்ளைப்போளம் 500 செக்கேல், நறுமணக் கருவாப்பட்டை 250 செக்கேல், வசம்பு 250 செக்கேல், காசியா 500 செக்கேல் ஆகியவற்றை ஒலிவ எண்ணெயில் கலக்க வேண்டும் என்பது கட்டளை. 250 செக்கேல் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 3 கிலோ. அத்தைலத்தால் சந்திப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பேழையும் பலிபீடமும் ஆரோனும் அவர் புதல்வரும் அர்ச்சிக்கப்பட வேண்டும். அதே கலவையை எவரும் தம் உடலுக்கெனச் செய்துகொள்ளக் கூடாது என்றும் ஆண்டவர் கண்டிப்பாக விலக்குகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தைலத்தைச் செய்தவர் யார்? நேற்றுவரை எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள். எகிப்தியர் நறுமணப் பொருள்களை நன்கு அறிந்தவர்கள். இறந்தோரின் உடலைப் பதப்படுத்தும்போது வெள்ளைப்போளமும் காசியாவும் உள்ளே நிரப்பினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு எழுதியுள்ளார். செல்வரின் பிணத்துக்கு மணமூட்டிய நாட்டிலிருந்து மீண்டு வந்த அடிமைகளின் கையில், அதே இனத்துப் பட்டை உயிருள்ள இறைவனின் வழிபாட்டுக்கு உரியதாயிற்று. விலைக்கு விற்க முடியாத, செல்வரும் தமக்கெனச் செய்துகொள்ள முடியாத ஒரு மணம் அது.

திருவிவிலியத்தில் இப்பட்டை வேறு இடங்களிலும் வருகிறது. இனிமைமிகு பாடலில் மணமகளின் சோலையில் இதுவும் ஒரு மரம். சீராக்கின் ஞானம் 24-ஆம் அதிகாரத்தில் ஞானமே தன்னைக் கருவாவின் நறுமணத்துக்கு ஒப்பிடுகிறது. நீதிமொழிகள் 7-ஆம் அதிகாரத்திலோ, நெறி தவறிய பெண்ணொருத்தி அறியா இளைஞனை மயக்கத் தன் படுக்கையில் தெளிப்பதும் இதுவே. பட்டை ஒன்றுதான், அதை ஏந்தும் கை வேறு.

நாம் இன்று உறுதிப்பூசுதலிலும் குருத்துவத் திருநிலைப்பாட்டிலும் பூசும் பரிமள தைலம் இந்தப் பழைய தைலத்தின் வழிவந்ததே. நம் இலத்தீன் வழிபாட்டு முறையில் எண்ணெயோடு நறுமணப் பொருளைக் கலந்து, பெரிய வியாழனை ஒட்டி ஆயர் அதை அர்ச்சிக்கிறார். கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் பற்பல நறுமணப் பொருள்களைக் கூட்டித் தைலம் காய்ச்சும் வழக்கம் இன்றும் உண்டு. அவற்றுள் கருவாப்பட்டையும் ஒன்று.

வணிகர் புனைந்த பறவை

இப்பட்டை எங்கிருந்து வருகிறது என்பது மேலைநாட்டார்க்குப் பல நூற்றாண்டுகள் மறைபொருளாகவே இருந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் எழுதிய எரோதோத்தசு, அராபியர் கூறிய ஒரு கதையைப் பதிவு செய்துள்ளார். பெரும் பறவைகள் எங்கிருந்தோ இக்குச்சிகளைக் கொணர்ந்து, மனிதர் ஏற முடியாத செங்குத்தான பாறைகளில் மண்ணால் ஒட்டிக் கூடு கட்டுமாம். மக்கள் மாட்டிறைச்சியைப் பெருந்துண்டுகளாக வெட்டிக் கீழே போட்டுவிட்டு ஒளிந்துகொள்வராம். பறவைகள் அவற்றைக் கூட்டுக்குத் தூக்கிச் செல்ல, சுமை தாங்காமல் கூடு இடிந்து விழ, சிதறிய குச்சிகளை மக்கள் பொறுக்குவராம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி இக்கதைகளைக் கேட்டுச் சிரித்தார். விலையை ஏற்றுவதற்காகவே வணிகர் இவற்றைக் கட்டிவிட்டனர் என்று வெளிப்படையாக எழுதினார். துடுப்பும் சுக்கானும் இல்லாத கட்டுமரங்களில் அகன்ற கடலைக் கடந்து இப்பொருளைக் கொண்டுவருவோர் திரும்பிச் செல்ல ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகும் என்றும், அவர்களுள் பலர் இறந்துபோவர் என்றும் அவரே குறித்துள்ளார்.

அவ்வாறு உயிர்கொடுத்துக் கொணர்ந்த பொருள் எதற்குப் பயன்பட்டது? கி.மு. 78-இல் சுல்லா என்னும் உரோமைச் சர்வாதிகாரி இறந்தபோது, குங்கிலியத்தாலும் கருவாவாலும் அவனுடைய உருவத்தைச் செய்து ஊர்வலத்தில் கொண்டுசென்றனர். கி.பி. 65-இல் நீரோ மன்னன் தன் மனைவி பொப்பேயாவின் இறுதிச் சடங்கில் எரித்த நறுமணப் பொருள், அராபியா ஓர் ஆண்டு முழுவதும் தரக்கூடியதைவிட மிகுதி என்று பிளினி கணக்கிட்டார். நம் திருத்தூதர் பேதுருவும் பவுலும் உரோமையில் இரத்தம் சிந்தியது இந்த நீரோவின் ஆட்சியிலேதான் என்பதை நினைவிற் கொள்ளுவோம்.

சோழமண்டலக் கரையில் ஒரு துறவி

இப்பட்டை பறவைக் கூட்டிலிருந்து வருவதன்று, மரத்திலிருந்து உரிப்பது என்னும் செய்தியை ஐரோப்பாவுக்குத் தெளிவாக எழுதியனுப்பியவர்களுள் ஒருவர் நமக்கு மிக நெருக்கமானவர். அவர் மொந்தேகொர்வினோ யோவான் என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி. சீனத்துக்குச் செல்லும் வழியில் 1290-களின் தொடக்கத்தில் அவர் நம் சோழமண்டலக் கரையில் தங்கினார். புனித தோமையாரின் ஆலயம் உள்ள நாட்டில் 13 மாதங்கள் இருந்ததாகவும், ஏறத்தாழ 100 பேருக்குத் திருமுழுக்கு அளித்ததாகவும், உடன் வந்த துறவி அங்கேயே இறந்து அந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டதாகவும் பின்னர் அவர் எழுதினார்.

இக்கரையிலிருந்து எழுதிய மடலில் அவர் கருவா மரத்தையும் விவரிக்கிறார். நடுத்தர உயரமுடையது, அடிமரத்திலும் பட்டையிலும் இலையிலும் தம் நாட்டு வாகை மரமாகிய லாரலைப் போன்றது, அருகிலுள்ள தீவிலிருந்து மிகுதியாக ஏற்றுமதியாகிறது என்பன அவர் தரும் செய்திகள். பிற்காலத் தாவரவியலாரும் கருவாவை லாரல் குடும்பத்திலேயே சேர்த்தனர். அவர் பார்த்தது சரியே. அவர் பட்டை தேடி வந்தவரல்லர். ஆன்மாக்களைத் தேடி வந்தவர். ஆயினும் வழியில் கண்டதை உள்ளவாறே எழுதினார். பிற்காலத்தில் அவரே பீக்கிங் நகரின் முதற் பேராயரானார்.

தீவின் துன்பம்

200 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் வேறு நோக்கத்தோடு வந்தனர். 1505-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியரின் கப்பல்கள் இலங்கையை அடைந்தன. கொழும்பை அடுத்த கோட்டை என்னும் நாட்டின் மன்னர் அவர்களுக்குக் கருவாவைத் திறையாகச் செலுத்த உடன்பட்டார். 1518-இல் கொழும்பில் அவர்கள் அரண் எழுப்பினர். 1543-இல் பிரான்சிஸ்கு சபையினர் மறைபரப்ப வந்தனர். ஒரே கொடியின் கீழ் மறையும் வந்தது, வணிகமும் வந்தது. நற்செய்தியைக் கொணர்ந்த துறவியருக்கு நாம் நன்றியுடையோம். ஆயின் அதே கொடியின் கீழ் நடந்த பேராசையை நன்றியின் பேரால் மூடி மறைத்தல் தகாது.

பட்டை உரிக்கும் வேலை சலாகமர் என்னும் சாதியினர் மீது விழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற நெசவாளர் வழியினர் தாம் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. நிலத்துக்கு ஈடாக மன்னனுக்குச் செய்த ஊழியம், அந்நியர் ஆட்சியில் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் சுமையாயிற்று. ஒவ்வொரு ஆண்மகனும் இத்தனை எடைப் பட்டை தரவேண்டும் என்று கணக்கெழுதினர். மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஓடும்போதுதான் பட்டை நன்கு கழன்று வரும். ஆகவே அட்டையும் காட்டு விலங்கும் நிறைந்த காடுகளில் வீட்டை விட்டு மாதக்கணக்கில் தங்கி உரிக்க வேண்டியிருந்தது.

ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களின் கிழக்கிந்தியக் கும்பினி கருவா வணிகத்தை முழுவதும் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. மரத்தைச் சேதப்படுத்துதல், பட்டையைக் களவாக விற்றல் ஆகியவற்றுக்கு மரண தண்டனை வரை விதித்தனர். பட்டை உரிப்போரின் பிள்ளைகளும் பிறப்பிலேயே அத்தொழிலுக்குப் பதிவு செய்யப்பட்டனர். அதனின்று தம் மக்களைக் காக்க, அவர்களை வேறு சாதியினராகப் பதிவு செய்ய முயன்ற பெற்றோரும் உண்டு. தன் குழந்தை தன் பெயரோடு வளரக்கூடாது என்று ஒரு தாய் எண்ணுவாளாயின், அவள் துன்பம் எத்தகையதாய் இருந்திருக்கும்!

பட்டை தேடாமல் வந்தவர்

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடும் தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நம் தூத்துக்குடியும் 1658-இல் அவர்கள் கைக்கு மாறியது. ஆயினும் முத்துக்குளித்துறையின் மக்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை. இலங்கையிலோ ஏறக்குறைய 30 ஆண்டுகள் மந்தைக்கு மேய்ப்பர் இல்லை.

அச்சூழலில் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார், 1687-இல் தூத்துக்குடியிலிருந்து படகேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். குருவின் உடையில் அன்று, இரவலர் கோலத்தில் சென்றார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாக இரந்து நின்று, அதைக் கண்டு முகம் மலர்வோர் யாரென நோக்கி மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். 1692-இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் சிறையிடப்பட்டார். பின்னர் அந்நகரில் அம்மை நோய் பரவியபோது, பலரும் கைவிட்டு ஓடிய நோயாளரைத் தம் கையால் கழுவிப் பேணினார். 1711 சனவரி 16-இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14-இல் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அந்தத் தீவுக்கு வந்த அந்நியர் பலர் எதையேனும் எடுத்துச் செல்லவே வந்தனர். ஒருவர் போர்வீரரோடு வந்தார். ஒருவர் தராசோடு வந்தார். வாஸ் அடிகளாரோ இரப்போராக வந்தார். ஒரு குச்சிப் பட்டையும் எடுத்துச் செல்லவில்லை. தமிழையும் சிங்களத்தையும் கற்று, அந்த மண்ணிலேயே தங்கிவிட்டார். நற்செய்தியும் பேராசையும் ஒரே கப்பலில் வந்தன என்று குறை கூறுவோருக்கு நாம் தரத்தக்க விடை வாதமன்று, இந்த வாழ்வே.

தெருவில் எரிந்த மணம்

கும்பினியின் கணக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1760 சூன் திங்களில் ஆம்ஸ்டர்டாம் நகரில் நறுமணப் பொருள்கள் மலைபோல் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டதைப் பிரெஞ்சு இயற்கை அறிஞர் ஒருவர் நேரிற் கண்டு எழுதினார். பல இலட்சம் பணம் பெறும் சரக்கு. மறுநாளும் அதே அளவு எரிக்கப்பட இருந்தது. உருகிய நறுமண எண்ணெய் தரையில் ஓடிப் பார்த்திருந்தோரின் பாதங்களை நனைத்தது. எவரும் அதில் ஒரு துண்டையும் எடுக்க விடப்படவில்லை. சரக்கு மிகுந்தால் விலை குறையும். விலை குறையாதிருக்க மிகுதியை எரிக்க வேண்டும் என்பதே காரணம்.

அதே ஆண்டுகளில் இலங்கையின் கரையோரத்தில் பட்டை உரிப்போரும் உழவரும் சுமை தாங்காமல் கிளர்ந்தெழுந்தனர். அது கண்டி மன்னருக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே போராக வளர்ந்து 1766-இல்தான் உடன்படிக்கையோடு ஓய்ந்தது. இங்கே ஒருவன் மழையில் நனைந்து உரித்த பட்டை, அங்கே விலைக்காகச் சாம்பலாயிற்று. உரித்தவனுக்கோ ஒரு கைப்பிடி அரிசியும் கூடவில்லை.

அதன்பின் காட்டில் உரிப்பதற்குப் பதிலாகத் தோட்டமாக வளர்க்க முற்பட்டனர். கொழும்பு நகரில் இன்றும் கறுவாத்தோட்டம் என்று வழங்கும் பகுதி அக்காலத்தின் நினைவே. 1796-இல் ஆங்கிலேயர் தீவின் கரையோரத்தைக் கைப்பற்றினர். கட்டாய ஊழியம் 1832-இலும், கருவா வணிகத்தின் தனியுரிமை 1833-இலும் நீக்கப்பட்டன. அதற்குள் 300 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

அஞ்சரக்கண்டியில் கண்டெடுத்த பிள்ளைகள்

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. கேரளத்தில் கண்ணூருக்கு அருகே அஞ்சரக்கண்டி என்னும் ஊர் உண்டு. ஆங்கிலக் கும்பினியின் காலத்தில் அங்கே மிளகும் காப்பியும் கருவாவும் வளர்க்கும் பெருந்தோட்டம் ஒன்று எழுந்தது. அதை நடத்தியவர் மர்டாக் பிரவுன் என்பவர். 1811-ஐ ஒட்டி வட மலபாரின் நீதிபதியாயிருந்த தாமஸ் ஹார்வி பேபர் அத்தோட்டத்தை ஆய்ந்தபோது, திருவிதாங்கூரிலிருந்து கடத்திக் கொணரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட பிள்ளைகள் அங்கே இருக்கக் கண்டார். தோட்டக்காரரின் எதிர்ப்பை மீறி அவர்களை விடுவிக்க முற்பட்டார்.

அக்காலத்தில் இந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தாலேயே ஏற்கப்பட்டிருந்தது; 1843-இல்தான் சட்டம் அதற்குத் தந்த ஏற்பு நீங்கியது. அப்படியிருந்தும் ஒரு நீதிபதி தோட்டத்து வாயிலைத் திறந்து, உள்ளே இருப்போர் யார், எங்கிருந்து வந்தனர் என்று கேட்டார். அந்த ஒரு வினாவால் சில பிள்ளைகள் தம் ஊர் திரும்ப வழி பிறந்தது.

பட்டியலின் கடைசி வரி

இப்போது திருவெளிப்பாட்டின் 18-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பாபிலோன் மாநகர் வீழ்ந்ததும் உலக வணிகர் அழுது புலம்புகின்றனர். தங்கள் சரக்குகளை இனி வாங்குவார் இல்லையே என்பதே அவர்களின் துயரம். புனித யோவான் அச்சரக்குகளைப் பட்டியலிடுகிறார்: பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம் என்று தொடங்கி, கருவாப்பட்டை, சாம்பிராணி, எண்ணெய், கோதுமை, ஆடுமாடுகள், குதிரைகள் என்று நீளும் அப்பட்டியலின் கடைசியில் வருவோர் யார்? அடிமைகள், மனித உயிர்கள்.

விலை மதிப்பில் பொன் முதலில் நிற்கிறது. மனிதன் கடைசியில் நிற்கிறான். அதுவே பாபிலோனின் கணக்கு. தொடக்க நூலிலும் இதே காட்சி உண்டு: யோசேப்பைச் சகோதரர் 20 வெள்ளிக் காசுக்கு விற்றபோது, அவரை வாங்கிய வணிகரின் ஒட்டகங்கள் எகிப்துக்கு நறுமணப் பொருள்களையே சுமந்து சென்றன. ஒரே பயணத்தில் மணப்பொருளும் மனிதனும் சரக்காயின.

விடுதலைப் பயணத்தில் விடுவிக்கப்பட்ட அடிமைகள் கருவாவைக் கையில் எடுத்து இறைவனுக்குத் தைலம் செய்தனர். திருவெளிப்பாட்டில் கருவாவும் அடிமையும் ஒரே பட்டியலில் விற்பனைக்கு நிற்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையேதான் இப்பட்டையின் வரலாறு முழுவதும் நடந்தேறியுள்ளது. பட்டையில் குற்றமில்லை, இறைவன் படைத்த மரம் அது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் பல கொழுந்துகளாகத் தழைக்கும் இயல்புடையது. குற்றம், மணத்தைப் போற்றி, உரித்த கையை மறந்த மனிதனிடமே உள்ளது.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி

இன்றும் இலங்கையில் பட்டை உரிப்பது கைத்தொழிலே. ஏறத்தாழ 2 ஆண்டு வளர்ந்த கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, நெடுக இருபுறமும் கீறி, உட்பட்டையைக் கிழியாமல் கழற்ற வேண்டும். சிறு துண்டுகளைப் பெரிய சுருளுக்குள் அடைத்து 42 அங்குல நீளக் குழலாக்கி நிழலில் உலர்த்துவர். பல ஆண்டுப் பழக்கம் இல்லாதவர் கையில் இது வராது. ஆயினும் இத்தொழிலைத் தாழ்வாக நோக்கும் பழைய கண்ணோட்டம் முற்றிலும் மறையாததால், இளைஞர் பலர் இதற்கு வரத் தயங்குகின்றனர்.

தொலைவிலுள்ள ஒரு தொழிலாளிக்கு நாம் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். அவருக்கு நேரே எதுவும் செய்ய இயலாதிருக்கலாம். ஆனால் நம் வாயிலுக்கு வருவோர் உளர் அன்றோ? கீரை விற்கும் மூதாட்டியிடம் ஒரு ரூபாய்க்கு வாதாடுகிறோம். துணிக்கடையில் கேட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கிறோம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் கூலியை மாதக் கடைசி கடந்தும் நாள் தள்ளித் தருகிறோம். நமக்குச் சமைத்தவர் உண்டாரா என்று பந்தி முடிந்தபின் கேட்பதில்லை. கூலியாள்களுக்குக் கொடாது நிறுத்திய கூலி விண்ணகத்தை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்ற பொருளில் புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் எச்சரித்தது, பெருந்தோட்டக்காரருக்கு மட்டும் உரியதன்று.

நம் குழந்தைகள் உறுதிப்பூசுதல் பெறும் நாளில் ஆயர் அவர்கள் நெற்றியில் பரிமள தைலம் பூசுகிறார். அந்த மணம் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அது விட்டுச்செல்லும் கடமை மறைவதில்லை: எந்த மனிதனையும் சரக்குப் பட்டியலின் கடைசி வரியில் வைக்கலாகாது என்பதே அக்கடமை.

ஆகவே இத்திங்கள் ஓர் இரவு, குடும்பச் செபமாலை முடிந்தபின், பெற்றோர் விடுதலைப் பயணம் 30-ஆம் அதிகாரத்தையும் திருவெளிப்பாடு 18-ஆம் அதிகாரத்தையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பட்டையை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து முகரச் செய்யட்டும். இதை உரித்தவர் ஒருவர் உண்டு என்று சொல்லட்டும். பெயர் அறியாத அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிப் படுக்கைக்குச் செல்லட்டும். அடுத்த விருந்தில் அப்பிள்ளைகள் பட்டையை இலையோரம் ஒதுக்கினாலும், உரித்தவரை மனத்தில் ஒதுக்கமாட்டார்கள்.